போட்டியாளர்கள் சேர்ந்து எழுதும் நிரல்

2021 அக்டோபரில் ஜெர்மனியில் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கின. அதன் பெயர் ஓப்பன் லாஜிஸ்டிக்ஸ் ஃபவுண்டேஷன். அலுவலகம் டார்ட்மண்ட் நகரில். நான்கில் டாக்ஸர் என்பது கெம்ப்டன் நகரத்துக் குடும்ப நிறுவனம். டி.பி. ஷெங்கர் 1872இல் வியன்னாவில் பிறந்தது, 2021இல் ஜெர்மன் ரயில்வேயின் கையில் இருந்தது. ரீனஸ் ஆறு, கடல், சாலை என எல்லா வழியிலும் சரக்கு அனுப்புகிறது. நான்காவதான டியூஸ்போர்ட், ரைன் கரையில் டியூஸ்பர்க் நகரின் உள்நாட்டுத் துறைமுகத்தை நடத்துகிறது. முதல் மூன்றும் ஒரே வாடிக்கையாளரின் ஒரே லோடுக்கு விலை சொல்லி மோதிக்கொள்பவை. ஒன்று இழந்த ஒப்பந்தம் இன்னொன்றின் கணக்கில் வரவாகும். இவை சேர்ந்து மென்பொருள் எழுதி, அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்க முடிவு செய்தன.

கணினித் துறையில் இது பழைய செய்தி. லினக்ஸ் கருவில் பல போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒன்றாக வேலை செய்கிறார்கள். சரக்குத் துறையில் அப்படி இல்லை. இங்கே மென்பொருளை ரகசியமாகவே வைத்திருப்பார்கள். எந்த வண்டி எங்கே போகிறது, யாருக்கு என்ன வாடகை, எந்தக் கிடங்கில் எவ்வளவு இடம் காலி என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குள்தான் இருக்கிறது. ஆகவே மென்பொருளைத் திறப்பது கல்லாப்பெட்டியைத் திறப்பது போல என்ற அச்சம் இயல்பானது. அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எங்கே அது தேவையற்றது, இதுவரை நடந்த கூட்டு முயற்சிகளில் எவை நின்றன, எவை விழுந்தன என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

காகிதத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஐரோப்பாவில் ஒரு லாரி நாட்டின் எல்லையைக் கடந்து சரக்கு ஏற்றிச் சென்றால், அதனுடன் சி.எம்.ஆர். எனப்படும் சரக்குச் சீட்டு போக வேண்டும். நம் ஊர் பார்சல் ஆபீஸில் கொடுக்கும் லாரி ரசீதின் சர்வதேச வடிவம் என்று இதைக் கொள்ளலாம். 1956 மே 19 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கை அதன் அடிப்படை. அதன்படி மூன்று மூலப் பிரதிகள் வேண்டும். ஒன்று சரக்கு அனுப்புபவருக்கு, ஒன்று சரக்கோடு பயணிக்க, ஒன்று வண்டிக்காரருக்கு. அனுப்புபவரும் வண்டிக்காரரும் கையெழுத்திட வேண்டும். சரக்கு சேதமானால், காணாமல் போனால், தாமதமானால் வழக்கு இந்தச் சீட்டின் மேல்தான் நடக்கும்.

இதை மின்னணு வடிவில் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் கூடுதல் நெறிமுறை 2008 பிப்ரவரியிலேயே தயாராகிவிட்டது. 2011 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2017 ஜனவரியில் ஸ்பெயினிலிருந்து பிரான்சுக்குள் மின்னணுச் சீட்டோடு லாரி ஒன்று எல்லை கடந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய சரக்குச் சந்தையான ஜெர்மனியோ 2022இல்தான் அதில் சேர்ந்தது. சட்டம் பதினைந்து ஆண்டு முன்பே வழிவிட்டும் காகிதம் ஏன் போகவில்லை? நாடுகள் ஒவ்வொன்றாக மெதுவாகச் சேர்ந்தது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், மின்னணுச் சீட்டு விற்ற மென்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக இருந்தன. அனுப்புபவர் ஒரு நிறுவனத்தின் செயலியில் சீட்டைத் தயாரிக்கிறார். வண்டிக்காரரிடம் இருப்பது வேறொன்று. சரக்கைப் பெறுபவரிடம் எதுவுமே இல்லை. காகிதத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பேனா வைத்திருக்கும் எவரும் அதில் கையெழுத்திடலாம். எந்த நிறுவனத்தின் தாள், எந்த நிறுவனத்தின் பேனா என்று யாரும் கேட்பதில்லை. காகிதத்தை வெல்ல வேண்டுமானால் அதே அளவுக்கு யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

டார்ட்மண்ட் அறக்கட்டளை எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று இந்த மின்னணுச் சரக்குச் சீட்டு என்பது அதனால்தான். மிகவும் யோசித்துச் செய்த தேர்வு இது. சரக்குச் சீட்டை அழகாக அச்சிட்டதற்காக எந்த வாடிக்கையாளரும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதில் போட்டி இல்லை, செலவு மட்டும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே செய்த செலவை ஒரே முறை சேர்ந்து செய்துவிட்டு, விலையிலும் நேரத்திலும் சேவையிலும் மோதிக்கொள்வதே அந்த ஏற்பாட்டின் சாரம். வாடகை கணக்கிடும் சூத்திரம், பாதைத் திட்டம், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை இந்தப் பொதுக் களஞ்சியத்துக்குள் வரவே வேண்டியதில்லை.

அமைப்பையும் இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். நிரலும் அதன் களஞ்சியமும் அறக்கட்டளையிடம் இருக்கின்றன. நிறுவனங்கள் உறுப்பினராவது ஒரு தனிச் சங்கத்தில். பணிக்குழுக்கள் அந்தச் சங்கத்தின் கீழ் கூடுகின்றன. யார் உறுப்பினரானாலும், யார் விலகினாலும், எழுதி முடித்த நிரல் அறக்கட்டளையை விட்டுப் போகாது. உறுப்பினராகாதவரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பது இன்னொரு முயற்சியின் கதையைப் பார்த்தால் விளங்கும்.

2014இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் குளிர்பெட்டியில் போன ஒரு சரக்கைப் பின்தொடர்ந்து பார்த்தது. அந்த ஒரே சரக்குக்காகச் சுமார் 30 நபர்களும் அமைப்புகளும் தங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட தடவை தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. தோட்டக்காரர், ஏற்றுமதி முகவர், சுங்கம், தாவர நோய்ச் சான்று தரும் அலுவலகம், துறைமுகம், கப்பல், மீண்டும் சுங்கம், இறக்குமதியாளர், வங்கி என்று சங்கிலி நீண்டது. கடலில் கழியும் நாட்களைக் குறைக்க முடியாது. தாள்களுக்காகக் காத்துக் கிடக்கும் நாட்களைக் குறைக்கலாம். இந்தக் கண்டுபிடிப்பு முற்றிலும் சரி.

அதிலிருந்து வளர்ந்ததுதான் டிரேட்லென்ஸ். 2018இல் மெர்ஸ்கும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து தொடங்கின. அடித்தளம் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் எனும் பிளாக்செயின் மென்பொருள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கும் அசல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. தொழில்நுட்பத்தில் குறையில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. முதலில் மெர்ஸ்கும் ஐ.பி.எம்.மும் கூட்டு நிறுவனமாக நடத்துவதாக இருந்தது. மற்ற கப்பல் நிறுவனங்கள் தயங்கின. தங்கள் மிகப் பெரிய போட்டியாளரின் சொத்தாக இருக்கும் மேடையில் தங்கள் வாடிக்கையாளரின் சரக்கு விவரத்தை ஏன் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஹபாக்-லாய்ட் தலைவர் உட்படப் பலர் இந்த ஐயத்தை வெளிப்படையாகவே பேசினார்கள். அதன்பின் கூட்டு நிறுவன யோசனை கைவிடப்பட்டு ஒத்துழைப்பு ஒப்பந்தமாக மாற்றப்பட்டது. 2019இல் சி.எம்.ஏ. சி.ஜி.எம்., எம்.எஸ்.சி., ஹபாக்-லாய்ட், ஓ.என்.இ. ஆகியவை சேரவும் செய்தன. உலகக் கன்டெய்னர் சரக்கில் பாதிக்கு மேல் தங்கள் மேடையில் என்று சொல்லும் நிலை வந்தது.

ஆனாலும் 2022 நவம்பர் 29 அன்று மூடுவதாக அறிவித்தார்கள். தொழில் முழுவதும் ஒத்துழைக்கும் நிலை உருவாகவில்லை, தனித்த வணிகமாக நிற்கும் அளவுக்கு வருமானமும் வரவில்லை என்பது மெர்ஸ்க் தந்த விளக்கம். 2023 முதல் காலாண்டோடு அது அணைந்தது. பெயர்கள் சேர்ந்தன, பயன்பாடு சேரவில்லை. துறைமுகங்களும் சுங்கத் துறைகளும் தங்கள் கணினிகளை அதனோடு இணைத்திருந்தன. அந்த உழைப்பு பலருக்கு வீணானது.

டிரேட்லென்ஸ் தோல்வியைப் பிளாக்செயினின் தோல்வி என்று சொல்வோர் உண்டு. பிளாக்செயின் அந்த வேலைக்குத் தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான். என் கணிப்பில் மேடையை வீழ்த்தியது வேறொன்று. அடித்தள நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது, அதன்மேல் எழுப்பிய மேடைக்கு உரிமையாளர் இருந்தார். மூடுவது என்று அந்த உரிமையாளர் முடிவெடுத்த நாளில் மற்றவர்கள் கையில் எடுத்து நடத்த எதுவுமே இல்லை. நிரல் திறந்திருப்பது ஒன்று, முடிவெடுக்கும் அதிகாரம் பகிரப்பட்டிருப்பது இன்னொன்று. முதலாவதைத் தருவது எளிது, உரிமத்தின் பெயரை எழுதினால் போதும். இரண்டாவதைத் தர மெர்ஸ்க் அளவுக்கு உழைத்த நிறுவனத்தாலும் முடியவில்லை. போட்ட முதலீட்டின்மேல் உரிமையை விட்டுக்கொடுப்பது எந்த நிர்வாகக் குழுவுக்கும் கசப்பானது.

அந்தக் கசப்பை விழுங்கிய முன்னுதாரணம் இதே தொழிலில் உண்டு. சி.எம்.ஆர். உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு மூன்று வாரம் முன்னர், 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீனின் ஐடியல்-எக்ஸ் கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெட்டி வைத்துக்கொண்டது. மெக்லீனின் ஸீ-லேண்ட் 35 அடிப் பெட்டி, மேட்சன் நிறுவனத்தின் பெட்டி 24 அடி. ஒருவர் கிரேன் இன்னொருவர் பெட்டியைத் தூக்காது. பெட்டியின் நான்கு மூலைகளிலும் இருக்கும் வார்ப்பு எஃகுப் பிடிதான் விஷயம், கிரேனும் லாரியும் கப்பலும் பற்றிக்கொள்ளும் இடம் அதுதான். கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்த அந்தப் பிடிக்கான காப்புரிமை ஸீ-லேண்டிடம் இருந்தது. 1963இல் அந்த உரிமையைத் தொழில் முழுவதும் கட்டணமின்றிப் பயன்படுத்த மெக்லீன் விட்டுக்கொடுத்தார். அதிலிருந்து மாற்றங்களோடு வளர்ந்ததுதான் இன்றைய சர்வதேசத் தர நிர்ணயம். அளவுகளில் 20 அடியும் 40 அடியும் நிலைத்தன, மெக்லீனின் சொந்த 35 அடி அளவு தரப் பட்டியலில் இடம் பெறவில்லை. இருந்தும் ஸீ-லேண்ட் நலிந்துபோகவில்லை, பெருகிய சந்தையில் முன்னணியிலேயே இருந்தது. அந்த ஆண்டுகளில் பெட்டி பொதுவானது. பெட்டியைப் போலவே 1956இல் பிறந்த சரக்குச் சீட்டு அறுபது ஆண்டு கடந்தும் காகிதத்திலேயே நின்றது.

டிரேட்லென்ஸ் நடந்துகொண்டிருந்தபோதே கப்பல் நிறுவனங்கள் வேறொரு வழியையும் திறந்தன. 2019 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் டிஜிட்டல் கன்டெய்னர் ஷிப்பிங் அசோசியேஷன் எனும் சங்கத்தை மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக்-லாய்ட், ஓ.என்.இ. சேர்ந்து அமைத்தன. பிறகு வந்தவர்களோடு 2023இல் உறுப்பினர் ஒன்பது. இந்தச் சங்கம் மேடை எதையும் நடத்துவதில்லை. கப்பல் கிளம்பியது, பெட்டி இறங்கியது, பெட்டி வாசலைத் தாண்டியது என்ற ஒவ்வொரு நிகழ்வையும் எந்தப் பெயரில், எந்த வடிவில் கணினி சொல்ல வேண்டும் என்று வரையறுக்கிறது. வரையறையை இலவசமாக வெளியிடுகிறது, கூடவே அதைச் செயல்படுத்திக் காட்டும் மாதிரி நிரலையும் அப்பாச்சி உரிமத்தில் பொதுவில் வைக்கிறது. லட்சியம் சிறியதாகத் தெரிந்தாலும் இது நீடித்திருக்கிறது. யாரும் யாருடைய வீட்டுக்குள்ளும் போக வேண்டியதில்லை, வாசலில் பேசும் மொழி ஒன்றாக இருந்தால் போதும் என்ற நிதானம் அதில் இருக்கிறது.

சங்கத்தின் மிகக் கடினமான வேலை பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் சரக்கு ஆவணம். இது வெறும் ரசீதாக இருந்தால் சுலபம். அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு என்பது சட்டம். ஆகவே வங்கிகள் அதை அடமானமாகப் பிடித்துக் கடன் தருகின்றன. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அந்தத் தாள் கைமாறி, அதோடு சரக்கும் விற்கப்படும். கணினிக் கோப்பை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், உண்மையான ஒரே பிரதி எது என்று காட்டுவதுதான் சிக்கல். 1999இல் தொடங்கிய பொலேரோ முதல் பல மேடைகள் இதற்குத் தீர்வு வைத்திருக்கின்றன, ஆனால் அவற்றில் விற்பவர், வாங்குபவர், வங்கி எல்லோரும் ஒரே மேடையின் உறுப்பினராக இருக்க வேண்டும். ஐரோப்பியச் சாலையில் பார்த்த அதே தீவுகள்தான் கடலிலும். 2021இல் மின்னணு பில்களின் பங்கு 1.2 சதவீதம் என்று சங்கமே கணக்கிட்டது. 2023 பிப்ரவரியில் ஒன்பது நிறுவனங்களும் 2030க்குள் முழுவதுமாக மின்னணுவுக்கு மாறுவோம் என்று உறுதியளித்தன. பிரிட்டன் அதே ஆண்டு செப்டம்பரில் மின்னணு வணிக ஆவணங்களுக்குக் காகிதத்துக்கு இணையான சட்ட மதிப்பைக் கொடுத்தது. இந்தியா 1856ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டத்தை 2025இல்தான் மாற்றி எழுதியது. நிரல் எவ்வளவு திறந்திருந்தாலும் நீதிமன்றம் ஏற்காத ஆவணத்தின்மேல் எந்த வங்கியும் கடன் தராது. எனவே கூட்டு நிரலுக்குச் சட்டம் பின்னிணைப்பு போல இருக்க முடியாது, அது அடித்தளமாகவே இருக்க வேண்டும்.

வான்வழிச் சரக்கில் நிலைமை சற்று மேல். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒன் ரெக்கார்ட் என்ற தரத்தை வெளிப்படையாக வளர்க்கிறது. ஒரு சரக்குக்கு ஒரே பதிவு, அதை வைத்திருப்பவரிடம் மற்றவர்கள் கேட்டுப் படிப்பார்கள் என்பது யோசனை. அதைச் செயல்படுத்தும் நி-ஒன் என்ற சர்வர் மென்பொருளை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் எழுதி, டார்ட்மண்ட் அறக்கட்டளையின் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள்.

போட்டியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் எழும் இன்னொரு கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. 2012 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 14 சரக்கு அனுப்பும் நிறுவனக் குழுமங்களுக்கு மொத்தம் 169 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. கூடுதல் கட்டணங்களைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது குற்றம். அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்குத் தோட்டக் கழகம் என்று பெயர் வைத்து, காய்கறிப் பெயர்களைச் சங்கேதமாகப் பயன்படுத்தி விலை பேசியதை ஆணையம் வெளியிட்டது. இந்தத் துறையின் நினைவில் அது நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஆகவே இன்று போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடும்போது என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்ற விதி முன்பே எழுதி வைக்கப்படுகிறது. ஓப்பன் சோர்ஸ் இங்கே ஒரு கூடுதல் பாதுகாப்பைத் தருகிறது. எழுதிய ஒவ்வொரு வரியும், அதை யார் எப்போது சேர்த்தார்கள் என்பதும் ஊரறியக் கிடக்கிறது. வெளியே நிற்பவரும் அதே நிரலை அதே நிபந்தனையில் எடுக்கலாம். ரகசியக் கூட்டுக்கு நேர் எதிரான நிலை இது. விலையும் வாடகையும் அந்த அறைக்குள் வராதவரை, இத்தகைய கூட்டு போட்டியைக் குறைக்காது, புதியவர் நுழைவதை எளிதாக்கும் என்றே நான் கருதுகிறேன்.

உரிமம் பற்றிய விவாதம் பொறியாளர்களிடையே சூடானது. டார்ட்மண்ட் அறக்கட்டளை தனக்கென ஓர் உரிமத்தை எழுதிக்கொண்டது. அப்பாச்சி உரிமத்தை அடிப்படையாக வைத்து, ஜெர்மன் சட்டத்துக்கு ஏற்ப மாற்றியது அது. எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டோம் என்று அமெரிக்க பாணியில் எழுதினால் ஜெர்மன் நீதிமன்றத்தில் அது முழுமையாக நிற்காது என்பதே காரணம். அதன் 1.3 பதிப்பை ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அங்கீகரித்திருக்கிறது. நிரலை எடுத்து மாற்றுபவர் தன் மாற்றத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். எடுத்துக்கொண்டே போய் எதுவும் தராதவர்களுக்கு இது வழி திறக்கிறது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் கட்டாயம் வைத்திருந்தால் அந்த நான்கு நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் கையெழுத்திட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தொடக்கத்துக்கு இந்த உரிமம் சரி. நீடிப்பதற்கு உரிமம் மட்டும் போதாது.

உண்மையான சோதனை பராமரிப்பு. இந்த நிரல்களில் பெரும்பகுதி வந்தது சிலிக்கான் எகானமி என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து. டார்ட்மண்டில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் நடத்திய அந்தத் திட்டத்துக்கு ஜெர்மன் போக்குவரத்து அமைச்சகம் 25 மில்லியன் யூரோ அளவில் நிதி கொடுத்தது. அரசுப் பணத்தில் எழுதிய நிரல் பொதுவில் வருவது நியாயம். திட்டம் முடிந்து, ஆய்வு மாணவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகு பிழைகளை யார் திருத்துவது? 2021 டிசம்பரில் லாக்-ஃபோர்-ஜே என்ற சிறு ஓப்பன் சோர்ஸ் கூறில் கண்ட ஓட்டை உலகம் முழுவதும் கணினித் துறையைத் தூங்கவிடாமல் செய்தது. சொற்பப் பேர் தன்னார்வமாகப் பராமரித்த நிரலின்மேல் பெரும் நிறுவனங்கள் உட்கார்ந்திருந்தது அப்போது தெரிந்தது. மூடிய மென்பொருள் பாதுகாப்பானது என்பதற்கும் ஆதாரமில்லை. 2017இல் மெர்ஸ்கை முடக்கிய நாட்பெட்யா என்ற தீநிரல், உக்ரைனில் விற்ற ஒரு மூடிய கணக்கு மென்பொருள் வழியாகவே பரவியது. 45,000 கணினிகளை மெர்ஸ்க் பத்து நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. இழப்பு 250 முதல் 300 மில்லியன் டாலர். இரண்டு நிகழ்வுகளும் சொல்வது ஒன்றுதான்: பொதுக் கூறுக்குச் சம்பளம் வாங்கும் காவல்காரர் வேண்டும். ஒரு நிறுவனம் ஓப்பன் சோர்ஸை ஆதரிக்கிறதா என்று அறிய அறிக்கைகளைப் படிக்க வேண்டாம். எத்தனை பொறியாளர்களின் அலுவல் நேரத்தை அதற்கென ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

நிறுவனங்களும் நிரந்தரமில்லை. அறக்கட்டளையை நிறுவியவற்றில் ஒன்றான ஷெங்கரை டென்மார்க்கின் டி.எஸ்.வி. 14.3 பில்லியன் யூரோவுக்கு வாங்கியது, 2025 ஏப்ரல் 30 அன்று கைமாற்றம் முடிந்தது. இப்படி முதலாளி மாறும்போது கூட்டு வேலையில் இருந்த பொறியாளர்களின் நேரம் முதலில் வெட்டப்படலாம். அப்போதும் நிரல் அறக்கட்டளையிடமே இருக்கும். டிரேட்லென்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்தில்தான்.

சரக்குத் துறை ஓப்பன் சோர்ஸிடம் வாங்கியது மிக அதிகம், தந்தது குறைவு. பாதை கணக்கிடும் ஓ.எஸ்.ஆர்.எம்., கிராஃப்ஹாப்பர் போன்ற மென்பொருள்கள், தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம், 2018இல் உபர் வெளியிட்ட எச்-3 அறுகோணக் கட்டங்கள் என்று டெலிவரி தொழில் இவற்றின்மேல் ஓடுகிறது. திருப்பித் தந்தவர்களும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் கிராப், அமேசானின் டெலிவரிப் பிரிவு ஆகியவை விடுபட்ட சந்துகளையும் வீட்டு வாசல் பாதைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்திருக்கின்றன. வரைபடத்தில் ஒரு சந்து சரியானால் டெலிவரிப் பையனுக்கும் பயன், ஆம்புலன்ஸுக்கும் பயன். கிடங்குக்குள் தானியங்கி வண்டிகள் பேசிக்கொள்ள ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் வெளியிட்ட வி.டி.ஏ. 5050 என்ற திறந்த விதியும் இதே வரிசையில் வரும். வெவ்வேறு கம்பெனிகளின் வண்டிகளை ஒரே கட்டுப்பாட்டு மென்பொருள் இயக்க அது வழிசெய்கிறது.

லாபத்துக்கு வெளியே இந்தக் கூட்டு முன்பே நடந்து காட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகெங்குமிருந்து நிவாரணப் பொருள்கள் வந்து குவிந்தன. எந்த முகாமில் என்ன இருக்கிறது, எங்கே எது தேவை என்று சொல்லும் பொதுவான பதிவு எதுவும் இல்லை. லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களுக்குள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர், நிவாரண அமைப்புகள், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள் என நான்கையும் ஒரே இடத்தில் பதிந்தது அது. தங்களுக்குள் போட்டியிடும் தொண்டு நிறுவனங்கள் ஒரே பட்டியலைப் பார்க்க நேர்ந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2006க்கான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் மருந்து விநியோகத்துக்கான ஓப்பன்-எல்.எம்.ஐ.எஸ்., ஹெய்ட்டியின் மருந்துக் கிடங்குகளுக்கு வந்த ஓப்பன்பாக்ஸஸ் இரண்டும் இதே தேவையில் பிறந்தவை. சரக்குத் துறையில் ஓப்பன் சோர்ஸ் என்று பேசும் கருத்தரங்குகளில் இவற்றை அடிக்குறிப்பாகவும் சேர்ப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் 2021இல் வந்து சேர்ந்த இடத்துக்கு, கையில் காசில்லாத இளைஞர்கள் கொழும்பில் 2005இலேயே போய்விட்டார்கள் என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பாதை வேறு. இங்கே முன்கை எடுத்தது அரசு. 2022 செப்டம்பர் 17 அன்று தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு வந்த யூலிப், வாகனப் பதிவு, ஃபாஸ்டாக், ரயில்வே சரக்கு, சுங்கம் முதலிய அரசுக் கணினிகளின் தகவலை ஒரே வாசல் வழியாக நிறுவனங்களுக்குத் தருகிறது. வாசல் திறந்தது, நிரல் திறந்ததல்ல. இணைய வணிகத்துக்கான ஓ.என்.டி.சி. வலைப்பின்னல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2021 டிசம்பர் 31 அன்று லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவான அது, பெக்கன் என்ற திறந்த நெறிமுறையின்மேல் நிற்கிறது. கடைக்காரர் ஒரு செயலியிலும் டெலிவரி நிறுவனம் வேறொன்றிலும் இருந்தாலும் ஆர்டர் கைமாறும். ஐரோப்பாவில் போட்டியாளர்கள் பேசிப் பேசி எட்ட வேண்டியதை இங்கே அரசின் கை விரைவுபடுத்துகிறது. ஆனால் அந்த மேசையில் லாரி உரிமையாளருக்கு நாற்காலி இருக்கிறதா என்றால் இல்லை. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இரண்டு வண்டி வைத்து ஓட்டுபவருக்கு இ-வே பில் ஒருநாள் வந்து இறங்கியது, கற்றுக்கொண்டார். ஃபாஸ்டாக் வந்தது, ஒட்டிக்கொண்டார். எதிலும் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கப்படவில்லை.

ஐரோப்பாவிலும் பெரிய பெயர்களுக்குக் கீழே உண்மையில் ஸ்டியரிங் பிடிப்பவர்கள் சிறு உரிமையாளர்கள்தான். பெரிய நிறுவனங்கள் லோடைப் பிடித்து அவர்களுக்குக் கொடுக்கின்றன. 2027 ஜூலை 9 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகாரிகள் மின்னணுச் சரக்குத் தகவலை ஏற்க மறுக்க முடியாது. 2020/1056 என்ற ஒழுங்குவிதி அதை உறுதி செய்கிறது. நிறுவனங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் மின்னணுவில் தருவதானால் சான்று பெற்ற மேடை வழியாகவே தர வேண்டும். சான்று வாங்கச் செலவாகும். அந்தச் செலவைத் தாங்கும் நாலைந்து மேடைகள் மட்டுமே மிஞ்சினால், காகிதத்தை விட்டவர்கள் மாதச் சந்தாவுக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். சரக்குச் சீட்டு நிரல் பொதுவில் இருப்பதன் முழு மதிப்பு அப்போதுதான் தெரியும். ஒரு மாவட்ட லாரி உரிமையாளர் சங்கமோ கூட்டுறவு அமைப்போ அதை எடுத்து, சான்று வாங்கி, தன் உறுப்பினர்களுக்காகத் தானே நடத்தலாம். அதற்கு அறக்கட்டளை இப்போதே செய்ய வேண்டியவை இரண்டு. பெரிய நிறுவனத்தின் தகவல் மையம் இல்லாமலும் நிறுவக்கூடிய அளவில் அந்த நிரலைப் பொதிந்து தர வேண்டும். பணிக்குழுவின் வாசலைச் சந்தா கட்ட முடியாத சிறு உரிமையாளர் சங்கங்களுக்கும் திறக்க வேண்டும். ஐரோப்பியச் சங்கங்கள் அந்தக் கோரிக்கையை 2027க்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும், வைப்பதற்கான நேரம் அதிகமில்லை.